என் கல்யாணத்தில் நடந்த இரங்கல் கூட்டம்

என் கல்யாணத்தன்று விடியற்காலையில் அந்தப் பாடகர் செத்துப்போனார். அவர் மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. செத்தவர் என்ன செய்வார் பாவம் என்பவர்கள் அன்று எங்கள் பந்தலில் இருந்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் அவரைத் தெரியாதவர் கிடையாது. இறுக்கமான பேண்டும் காதை மூடிய முடியுமாக, கையில் கிடாரோடு ஆடிக்கொண்டே பாடுவார். சினிமாவிலும் பாடினார். ஒரகடத்துப் பக்கம் எங்கள் கிராமத்தில் காதுகுத்து என்றாலும் மஞ்சள் நீராட்டு என்றாலும் மைக் செட்காரர் முதலில் போடுவது அவருடைய ரெக்கார்டைத்தான். என் அப்பா இருந்த கட்சிக்காக ஊர் ஊராகப் பாடி ஓட்டுச் சேர்த்தவர், ஏதோ மனத்தாங்கலில் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார். சேதி வந்த அன்றே அப்பா சுவரில் இருந்த அவர் படத்தைக் கழற்றி அடுப்பில் வைத்தார். வாலாஜாபாத் கடைத்தெருவில் மேடை போட்டு, கட்சிப் பேச்சாளர் ஒருவர் பாடகரின் பெண்டாட்டியையும் பெற்றவளையும் இழுத்து நாறப் பேசினார். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறார். அதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

அந்தப் பேச்சாளரைத்தான் என் கல்யாணத்தை நடத்திவைக்க அழைத்திருந்தார்கள். ஐயர் கிடையாது. பேச்சாளர் தாலியை எடுத்துக் கொடுப்பார், மாப்பிள்ளை கட்டுவார். மாப்பிள்ளை வீட்டார் மணிமங்கலம், எதிர்க்கட்சிக்காரர்கள். பந்தலில் அரசியல் பேசக்கூடாது என்று சம்பந்தம் பேசும்போதே இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருந்தது. நாயனமாவது வேண்டும் என்று அம்மா அப்பாவோடு மல்லுக்கட்டி வாங்கியிருந்தாள்.

எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் கறுப்புத்துணி கட்டிய சைக்கிள்களில் அவருடைய ரசிகர் கூட்டம் ஒன்று வந்தது. டீக்கடையை மூடச் சொன்னார்கள். அப்புறம் பந்தலுக்குள் நுழைந்தார்கள்.

"மேளத்த நிறுத்து. மனுசன் செத்துக் கெடக்குறாரு, இங்க இன்னாத்துக்கு டும்டும்முனு?"

நாயனக்காரர் மறுபேச்சில்லாமல் வாத்தியத்தை உறையில் போட்டுவிட்டுக் காபி கேட்டார். அம்மா அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "பொண்ணுக்கு ஒரே ஒரு நாள்தானே நைனா" என்றாள். அதில் ஒருவன், "அவருக்கும் ஒரு உசுருதான்" என்று சொல்லிவிட்டு, போகிறபோது பந்தல் வாழைமரங்களில் ஒன்றை உதைத்துச் சாய்த்துவிட்டுப் போனான்.

மாப்பிள்ளை வீட்டு வேனை ஒரகடம் கூட்ரோட்டில் மறித்துச் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். மறித்தவர்கள் அவர்களுடைய கட்சிக்காரர்களேதான். மிச்ச தூரத்தை வெயிலில் நடந்து, புழுதி ஏறிய பட்டுவேட்டியோடு மாப்பிள்ளை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பேச்சாளர் தாமதமாக வந்தார். சட்டையில் கறுப்புச் சின்னம் குத்தியிருந்தார். மைக்கைப் பிடித்ததுமே குரல் உடைந்தது.

"என் உடன்பிறவாத் தம்பி போய்விட்டான். நம் கட்சி வளர்த்த குயில் அது. ஆசை காட்டி அழைத்துப்போன பாவிகள் அவனைக் குடிக்கவைத்தே கொன்றுவிட்டார்கள்."

என் அப்பா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். படத்தை அடுப்பில் வைத்த அதே அப்பா. எனக்கு அருவருப்பாக இருந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார். "யாருய்யா பாவி? அந்தாளு பொண்டாட்டிய கடத்தெருவுல வெச்சி அசிங்கமா பேசனவன் நீ. இப்ப தம்பியா? செத்தவரு எங்க ஆளு. அஞ்சலி செலுத்துறதுனா நாங்க செலுத்துறோம், நீ எறங்கு."

இரண்டு பக்கமும் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். யாரோ ஒருவன் டீக்கடையிலிருந்து பாடகரின் காலண்டர் படத்தைக் கொண்டுவந்து மேடையில் சாய்த்து வைத்தான். மாலைக்கு எங்கே போவது என்று தேடியவன், தாம்பாளத்தில் எனக்காக வைத்திருந்த ரோஜா மாலையை எடுத்து அந்தப் படத்துக்குப் போட்டான். ஒருவர்கூடத் தடுக்கவில்லை. மைக்குக்காக அடித்துக்கொண்ட அத்தனை பேரும் அதற்கு மட்டும் அமைதியாக எழுந்து நின்று தலைகுனிந்தார்கள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து, அழுகிறேனா கத்துகிறேனா என்று தெரியாமலே பேச்சாளரிடம் சொன்னேன்: "ஐயா, ஒண்ணு எழவு நடத்துங்க, இல்ல கல்யாணம் நடத்துங்க. ரெண்டுத்தையும் ஒண்ணா நடத்தாதீங்க."

மைக் பக்கத்தில் இருந்ததால் அது பந்தல் முழுக்கக் கேட்டது. பேச்சாளர் என்னைப் பார்த்தார். என் பெயரை மறந்துவிட்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டுதான் வாழ்த்தினார். மாலையில்லாத கழுத்தில், மேளமில்லாமல், மாப்பிள்ளை தாலி கட்டினார். பந்தியில் பாதிப் பேர் கட்சிக்கு ஒரு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் சாப்பிடாமலே ஊர்வலத்துக்குப் போய்விட்டார்கள்.

புகுந்த வீட்டில் மாமியார் என்னை வாசலில் நிறுத்தி ஆலம் சுற்றும்போதே சொன்னார்: "தாலி கட்றதுக்கு முன்னாடி எழவுன்னு வாயத் தொறந்த பொண்ண நான் பாத்ததில்ல." வீட்டில் மாடு செத்தாலும் கிணறு வற்றினாலும் அந்த வார்த்தையைத்தான் இழுத்தார். மாலையை எடுத்தவனை அவர் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.

எங்கள் கல்யாண நாள் வந்தால் மணிமங்கலத்தில் பாடகருக்கு நினைவு நாள். தெருவுக்கு இந்தக் கோடியில் ஒரு கட்சி, அந்தக் கோடியில் ஒரு கட்சி. ஆளுக்கொரு குழாய் ஸ்பீக்கர். இரண்டிலும் ஒரே பாட்டு, முன்னும் பின்னுமாக ஓடும். ஒரு வருஷம் அவர்களுக்குள் கல்லெறி நடந்து எங்கள் ஓடுகள் உடைந்தன. பிறகு இரண்டு கட்சியும் தேர்தலுக்காகக் கைகோத்துக்கொண்டன. அடுத்த வருஷம் நினைவு நாளுக்கு ஒரு கொடிகூட ஏறவில்லை.

அன்று மத்தியானம் தெரு சத்தமில்லாமல் கிடந்தது. வெகுநாளாக மனத்தில் வைத்திருந்ததை என் புருஷனிடம் கேட்டேன். "அன்னிக்கி மாலைய எடுத்தப்ப நீங்க ஏன் ஒரு வார்த்த பேசல?"

அவர் முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்கு அவரு பாட்டுன்னா உசுரு. வேன்ல வரும்போதே அழுகை. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு பல்லக் கடிச்சிக்கினு இருந்தேன். மாலை போட்டப்ப, யாரோ ஒருத்தனாவது ஒயுங்கா மருவாத செஞ்சாம்பான்னு தோணிச்சி."

அந்தப் பந்தலில் உண்மையாகத் துக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது. அது தெரிந்தும் எனக்கு மனம் இளகவில்லை. அது என் மாலை என்றேன். ஆமாம் என்றார். கடலையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.