அண்ணன் படகை நிறுத்தி வைத்த பிற்பகல்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. கருமாதியன்று பந்தலில் இருவர், "தங்கச்சி வலியில துடிக்கிறப்ப எஞ்சினைக் கழட்டிக்கிட்டு இருந்த ஆளுலா" என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அந்தத் தங்கை நான்தான். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்கள் நடந்ததை நடந்தபடி அறிய வேண்டும்.

அண்ணன் நாமக்கல் பக்கம் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவர். பீடோர் ரப்பர் தோட்டத்தில் அப்பா பால் வெட்டினார். அண்ணனுக்கு அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. ஈப்போவுக்குப் போய், ஈயச் சுரங்கத்தின் பம்புக் கொட்டகையில் எஞ்சின் வேலை கற்றுக்கொண்டார். பெற்றோர் காலமானபின் என்னை வளர்த்து, மணமுடித்துக் கொடுத்தவரும் அவரே. பிறகு, பேராக் ஆற்றோரம் நான் வாழ்க்கைப்பட்ட தோட்டத்துக்கே மோட்டார் படகு ஓட்ட வந்து சேர்ந்தார்.

படகின் எஞ்சின் பழையது. ஆற்றுநீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கும் பம்புக்குள் ஒரு பித்தளைச் சக்கரம் சுழலும். சேற்று மணல் அரித்து அதன் இதழ்கள் தேய்ந்திருந்தன. தண்ணீர் ஏறாமல் எஞ்சின் கொதித்து அடிக்கடி நடுவழியில் நின்றது. ஓடும்வரை ஓடட்டும் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டாராம். அண்ணன் தாமே ஈப்போ சென்று, சுரங்கப் பம்புகளுக்கு வார்ப்படம் செய்யும் சீனரிடம் புதுச் சக்கரம் வார்த்து வாங்கி வந்தார்.

அவர் வந்து இறங்கிய பிற்பகலே எனக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடப்பதாக மருத்துவச்சி சொன்னார். ஆஸ்பத்திரி தெலுக் ஆன்சனில் இருந்தது. ஆற்றைத் தவிர வழி கிடையாது. என்னைப் பாயோடு படகில் கிடத்தினார்கள். அண்ணன் எஞ்சினைக் கிளப்பவில்லை.

"எடுங்க மச்சான், என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கத்தினார் என் கணவர்.

"இந்தச் சக்கரத்தோட போனா பாதி வழியில நிக்கும் மாப்ள. கடல் வத்தம், ஆத்துத் தண்ணி எறங்கிக்கிட்டு இருக்கு. சேத்துல மாட்டுனா யாரும் கிட்ட வரமுடியாது. மாத்திட்டுப் போயிரலாம்."

"அதுக்குள்ள அவ செத்துருவா!"

அண்ணன் என் பக்கம் குனிந்தார். "தாங்குவியா தங்கச்சி?"

"மாத்துங்கண்ணே" என்றேன்.

மூடி கழன்றது. ஆனால் பழைய சக்கரம் தண்டைவிட்டு வர மறுத்தது. அண்ணன் சுத்தியலால் தட்டிய ஒவ்வொரு தட்டும் என் இடுப்பில் விழுந்தது. கணவர் துறைப்பலகையில் போவதும் வருவதுமாக இருந்தார். தண்ணீர் இறங்க இறங்க, கரைமரங்களின் வேரில் ஈரக்கோடு மேலே தெரிந்தது. ஒருவழியாகப் பழையது கழன்றது. புதுச் சக்கரம் ஏறவில்லை, அரத்தால் ராவினார். மறுபடி ஏற்றிப் பார்த்தார்; இறங்கி உட்கார்ந்தது. தண்ணீர் கசியாமலிருக்க அட்டையை வெட்டிக் கிரீஸ் தடவி மூடிக்கு அடியில் வைத்து முடுக்கினார். படகில் உடன் வேலை பார்த்த மலாய்க்காரர் பாக் மாட் பம்புக்குள் தண்ணீர் ஊற்றினார். எஞ்சின் இருமிக் கிளம்பியது. பக்கவாட்டுக் குழாயில் தண்ணீர் பீறிட்டதும் கயிற்றை அவிழ்த்தார்கள். அப்புறம் படகு எங்கும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. "இன்னும் தாமதமானா அம்மாவும் இல்ல" என்றார் நாங்கள் மிஸ்ஸி என்றழைக்கும் நர்ஸ். என் கணவர் காதில் தாமதம் என்ற சொல் மட்டுமே ஏறியது. அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினார். உறவிலும் சொல்லித் திரிந்தார். நான் சொன்னது எவர் காதிலும் ஏறவில்லை. முன்னதாகக் கிளம்பியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமோ, எனக்குத் தெரியாது. சேற்றில் நின்றிருந்தால் நான் இல்லை; அது தெரியும்.

அண்ணன் யாரிடமும் எதிர்வாதம் செய்யவில்லை. பேச்சு எழுந்தால் வெளியே போய்விடுவார். படகு வேலையை விட்டு, ஈப்போவை ஒட்டிய சிலிபினில் குடியேறினார். ஒரு பட்டறையிலும் நிலைக்கவில்லை. கடைசிக் காய்ச்சலில்கூடப் படுக்கையில் இருக்கமாட்டார். சுவரைப் பிடித்து நடந்துகொண்டே இருப்பார்.

அந்நாட்களில் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், லூமுட்டிலிருந்து வந்து பாடைக்கு மூங்கில் வெட்டிய பாக் மாட்டுக்கும், மாலையோடு வந்து ஓரமாக நின்ற வார்ப்படச் சீனருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் முற்றத்தில் நடந்தார். பிறகு வந்து, "நான் கத்துனதையும் போட்டுட்டியா?" என்றார்.

"போட்டிருக்கேன்."

"இருக்கட்டும். எடுக்காத."

அவருக்கும் என் நன்றி.