பெட்டி ஒன்றுதான், சரக்கு வேறு

எங்கள் பென்னலூர் வீட்டின் பின்கட்டு அறையில் குடியிருக்கும் பெண் தென்காசிப் பக்கம். போன் செய்யும் கம்பெனியில், பாகங்களைப் பூட்டும் லைனில் நிற்கிறாள். காலேஜ் காலத்து லேப்டாப்பில் விண்டோஸ் நகரவில்லை என்று, அதற்குப் பதிலாக ஓசியில் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக்கொண்டவள். உள்ளே இருந்த வைஃபை செத்துப்போனதால், கட்டைவிரல் அளவு வைஃபை கார்டு ஒன்றை வெளியே செருகித்தான் எங்கள் வீட்டு நெட்டைப் பிடிப்பாள். லைனை விட்டு ஆபீஸ் வேலைக்குப் போக, லேப்டாப்பில் நெட் பிடித்துப் படித்து ஒரு பரீட்சை எழுத வேண்டும். நாலு நாள் இருக்கும்போது அந்தக் கார்டு கட்டிலில் இடித்து முறிந்தது.

தண்டலத்தில் முன்பு வாங்கிய அதே கடையில் அதே கார்டை வாங்கி வந்தாள். செருகினாள். நெட் வரவில்லை. இரண்டு நாள் போராடிவிட்டுக் கடைக்காரனிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

"லினக்ஸு கிக்ஸுன்னு கண்டத போட்டுக்கினு வந்தா கார்டு இன்னாம்மா பண்ணும்? லைன்ல நிக்கிற பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றானாம்.

சொல்லிவிட்டு அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இங்கிலீஷில் நம்பர் மட்டும் தெரியும். பழைய கார்டின் பெட்டியில் அவள் ஹேர்பின் போட்டு வைத்திருந்தாள். அதையும் புதுப் பெட்டியையும் பக்கத்தில் வைத்து, அவசரப்படாமல் மூலைக்கு மூலை பார்த்தேன். ஒரே படம், ஒரே பச்சை. அடியில் மட்டும் பொடி எழுத்துக்குப் பக்கத்தில், பழையதில் 2, புதியதில் 3.

"இது இன்னாடி, வேற நம்பர் போட்டுகீது?"

போனில் தேடினாள். "ஆச்சி! பேரு ஒண்ணுதான், உள்ள சிப்ப மாத்திட்டானுவ. ரெண்டாம் நம்பர் லினக்ஸ்ல தானா ஓடுமாம். மூணாம் நம்பர லினக்ஸ்ல ஓட்டுற டிரைவர் சாப்ட்வேரே இன்னும் வரலையாம்."

காலையில் அவளை லேப்டாப்போடு கூட்டிக்கொண்டுபோய், இரண்டு பெட்டியையும் அவன் மேஜைமேல் வைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் ஆயா. உனக்கு இதெல்லாம் புரியாது."

"உனக்குப் புரியுதில்ல? இந்த நம்பரையும் அந்த நம்பரையும் படி. சத்தமா படி."

படித்தான். சரக்கு வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே போய்த் துழாவி, தூசி படிந்த இரண்டாம் நம்பர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். அவள் அங்கேயே செருகினாள். கடை வைஃபையின் பெயர் திரையில் வந்து நின்றது.

"அதான் மாத்தி குடுத்துட்டேன்ல, கெளம்பு ஆயா."

"பெட்டியத்தான் மாத்துன. தப்பு இவ மேல இல்லன்னு இவகிட்ட சொல்லு."

"சரி, உன் மேல தப்பு இல்லம்மா," என்றான், கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு.

"அவள பாத்து சொல்லுப்பா."

"விடுங்க ஆச்சி, கம்பெனி பஸ் வந்துரும்," என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. அவன் தலையைத் தூக்கிச் சொன்ன பிறகுதான் படியிறங்கினேன்.

ஒரு நாள் படிப்போடு பரீட்சை எழுதினாள். ஆபீஸ் வேலை கிடைக்கவில்லை. இன்னும் லைனில்தான் நிற்கிறாள். அடுத்த பரீட்சைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அந்தக் கடையெதிரே பஸ் நின்றால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. பஸ் கிளம்பும்வரை அவனையே பார்க்கிறேன்.