ஜுலைகா அக்கா சொன்ன எண்கள்

போன வாரம் கண் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒலிபெருக்கி, "டோக்கன் எண் நூறு, ஏழு" என்று கூப்பிட்டது. என் எண்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. எந்த மனிதரும் அப்படிக் கூப்பிட மாட்டார். 'நூத்தி' என்று இழுத்துத்தான் ஏழைச் சேர்ப்பார். இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பீர்கள். இரண்டு மாதம் இதே வேலையாகக் கிடந்தவனுக்குக் குறைதான்.

தொண்ணூறுகளின் கடைசி. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் கம்ப்யூட்டர் ஆள். பதவியின் பெயர் நீளம். பெரும்பாலும் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருப்பேன். பக்கத்து அறையில் டெலிபோன் ஆபரேட்டர் ஜுலைகா அக்கா. நாகூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், பிறவியிலேயே பார்வை இல்லை. யார் எந்த அறையில் என்பதைக் காலையில் நர்ஸ்கள் சொல்லச் சொல்ல பிரெய்லில் குத்தி வைத்துக்கொள்வார். அப்போது ஊருக்குப் பத்துப் பேராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். "அப்பாவ அங்க சேத்திருக்காங்களாமே, எப்படி இருக்காருங்க?" என்று கடல் தாண்டி வரும் குரல்களுக்கு முதலில் பதில் சொல்வது அவர்தான்.

நோயாளிகள் பட்டியல் முழுவதையும் டேட்டாபேஸில் ஏற்றியவன் நான். பெருமையோடு மேனேஜரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அப்ப இனிமே திரையப் பாத்து சொல்ற ஆளா போட்டுக்கலாம்ல?" என்றார். நான் செய்த காரியம் யார் தலையில் விழுகிறது என்று அப்போதுதான் உறைத்தது. "கம்ப்யூட்டரையே பேச வச்சிடுறேன் சார்" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று தெரியாது. இரண்டு மாதம் கொடுத்தார்.

அக்கா தட்டச்சு படித்தவர். நோயாளியின் பெயரை அவரே அடித்துவிடுவார். வயது, அறை எண், வீட்டு போன் நம்பர், இந்த மூன்றையும் கணினி அவர் காதில் சொன்னால் போதும். ஆனால் அதில் இருந்த குரலுக்கு ஆங்கிலம்தான் வரும். ஆகவே தமிழ் எண்களை அக்காவின் குரலிலேயே பதிவு செய்வதென்று முடிவானது. சத்தமில்லாத இடம் எக்ஸ்ரே அறை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கே உட்கார்ந்தோம். ஃபிலிம் கழுவும் மருந்தின் புளித்த நெடி மூக்கைப் பிடுங்கும். இன்றைக்கும் யாராவது வினிகர் பாட்டிலைத் திறந்தால் எனக்குப் பசி எடுப்பதில்லை, காதுக்குள் ஒன்று இரண்டு மூன்று என்று ஓட ஆரம்பித்துவிடுகிறது.

முதல் சோதனையில் ஒரு போன் நம்பரைக் கணினி "ரெண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்து" என்று ஆரம்பித்தது. அக்கா ஹெட்போனைக் கழற்றி, "தம்பி, இது போன் நம்பரா, தஞ்சாவூர் ஜனத்தொகையா?" என்றார். அடுத்த நம்பரில், "முன்னாடி இருந்த சைபர் எங்க போச்சு?" நான் போன் நம்பரை எண்ணாகச் சேமித்திருந்தேன், முதலில் வரும் சைபருக்கு மதிப்பில்லை என்று கணினி அதைத் தின்றுவிட்டிருந்தது. படித்தவன் செய்த வேலை.

"எண்ணுறது வேற, கூப்பிடுறது வேற தம்பி. வயச எண்ணணும். ரூம கூப்பிடணும். ரெண்டு பதினாலுன்னுதான சொல்றோம், இருநூத்திப் பதினாலுன்னா சொல்றோம்?"

ஒவ்வொரு தகவலுக்கும் எப்படி வாசிப்பது என்று தனியாக ஒரு குறிப்பு சேர்த்தேன். போன் நம்பர் மூன்று மூன்றாக, நடுவில் ஒரு மூச்சு விட்டு. பிறகு எண்களையே இரண்டு விதமாகப் பதிந்தோம். "இருவத்தின்னா இன்னும் வருதுன்னு காது காத்திருக்கும். இருவதுன்னா முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு, இருவத்தி, முப்பத்தி, நூத்தி என்று சலிக்காமல் சொன்னார்.

இரண்டு மாதக் கெடு முடிந்த அன்று காலை, சோதித்துப் பார்க்க மேனேஜர் அச்சடித்த பட்டியலோடு அக்காவின் பின்னால் வந்து நின்றார். மஸ்கட்டிலிருந்து கூப்பிட்ட ஒருவர், அப்பா பெயர் கலியபெருமாள் என்றார். அன்று எங்களிடம் மூன்று கலியபெருமாள்கள். அக்காவின் விரல்கள் ஓடின. ஒரு காதில் மகன், இன்னொரு காதில் பதிவு செய்த அக்காவின் குரலே.

"அப்பாவுக்கு அறுபத்தி நாலு வயசுங்களா?"

ஆமாம் என்றார் போலிருக்கிறது.

"ரெண்டு பதினாலு. ஆபரேஷன் முடிஞ்சு ரூமுக்கு வந்துட்டாருன்னு சிஸ்டர் சொன்னாங்க. பயப்படாதீங்க. இருங்க, லைன் தர்றேன்."

மேனேஜர் இன்னும் இரண்டாவது கலியபெருமாளைத் தேடிக்கொண்டிருந்தார். பட்டியலை மடித்துக்கொண்டு, "சரி, இருக்கட்டும்" என்று போய்விட்டார். அக்கா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். "தம்பி, ஒரு டீ சொல்லுங்க" என்றார்.

அடுத்த வருடம் நான் பெங்களூர் போய்விட்டேன். அவர் அதே நாற்காலியில் ஒன்பது வருடம் இருந்தார். அதற்குள் ஆளுக்கொரு செல்போன் வந்து, பிள்ளைகள் நேராக அப்பாவின் கட்டிலுக்கே பேச ஆரம்பித்தார்கள். டெலிபோன் அறை மருந்துக்கடையானது. கணினி எடைக்குப் போனது.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா நாகூரில் தவறிப்போனார். அவருடைய தம்பி மகள் என் நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். "மாமியோட குரல் உங்ககிட்ட ஏதாச்சும் இருக்குங்களா? எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல."

ஊரை விட்டுக் கிளம்பியபோது ஒரு ஃபிளாப்பியில் எல்லாவற்றையும் நகலெடுக்கப் பார்த்தேன். நான் எழுதிய நிரல் மொத்தமும் அதில் அடங்கியது. குரல் அடங்கவில்லை. இன்னொரு ஃபிளாப்பி வாங்க மறுநாள் கடைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன்.