ஒருநாளும் முறைப்பாடு சொல்லாதவர்கள்

ரொறன்ரோவின் புறநகரான மில்லிக்கனில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு யூதத் தம்பதி இருந்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் போலந்திலிருந்து வந்து, நகர மையமான டவுன்ரவுனில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருவரும் உழைத்து ஓய்ந்தவர்கள். அவர்களுடைய அறுபதாவது திருமண நாளுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள்.

சட்டத்தரணியான மகன் எழுந்து, “எங்கட அப்பா அம்மா ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை. இப்ப இந்த நாட்டுக்கு வாற ஆக்களும் இவையைப் பார்த்துப் பழகவேணும்” என்றார். சொல்லும்போது அவர் பார்வை இலங்கையிலிருந்து வந்த என் பக்கம் திரும்பியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வாய் திறப்பதற்குள் அவருடைய அம்மா, நான் அன்ரி என்று கூப்பிடுபவர், மேசையில் ஓங்கித் தட்டினார். “ஆர் சொன்னது? முதலாளிமார் கதவைப் பூட்டிப்போட்டுத் தைக்க விட்டவங்கள். நாங்கள் மெஷினை நிப்பாட்டிப்போட்டு றோட்டில இறங்கினனாங்கள். பொலிஸ் அடிச்சு உன்ர அப்பாவின்ர கை முறிஞ்சது.”

“சரி அம்மா, இருங்கோ” என்று மகன் சிரித்துக்கொண்டே பாட்டைப் போடச் சொன்னார்.

“சிரிக்காதை! என்னை ஊமையாக்கிப்போட்டோ புகழுறாய்?”

ஒருவரும் பாட்டைப் போடவில்லை. நான் கதிரையை அன்ரிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, “சொல்லுங்கோ அன்ரி” என்றேன். பேரப்பிள்ளைகளும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அன்ரி முழுவதையும் சொன்னார். மகன் வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.