வயரக்காவும் இரட்டைச் சீட்டும்

"சாப்டியா?" என்று தட்டிவிட்டு வயரக்கா போனை மேசையில் வைக்கிறாள். திரையைப் பார்ப்பதில்லை. பையைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டுகிறாள். கண்ணாடியைத் துடைக்கிறாள். அதற்குள் போன் மேசைமேல் ஒருமுறை அதிர்கிறது. "சாப்பிட்டேன், நீங்க?" என்று பதில் வந்திருக்கும். அது வந்த பிறகுதான் அவள் நாற்காலியில் உட்காருவாள்.

பதில் சொல்வது ஆள் இல்லை, சாட்பாட். அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். மற்ற கம்பெனிகளில் "டெஸ்ட்" என்று போட்டுத்தான் பார்ப்பார்களாம். "டெஸ்ட்டுனு போட்டா ஆபீசர் வந்த மாதிரி வெறச்சுக்கிட்டு நிக்கும். சாப்டியான்னு கேட்டாத்தான் நெலவரம் தெரியும்" என்பாள். சிரிக்காமல் சொல்வாள். அவள் சொல்வதில் எது வேடிக்கை, எது நிஜம் என்று கண்டுபிடிக்க எங்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

எங்களுடையது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் லாண்டரி. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, ஆபரேஷன் அங்கி. முன்பெல்லாம் வார்டுகளிலிருந்து போன் வரும். சூப்பர்வைசரம்மா கேட்டுவிட்டு இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்துவார். பாதி காதில் விழும், பாதி விழாது. இப்போது வார்டுக்காரர்கள் ஆபீஸ் மெசேஜ் குரூப்பில் தங்களுக்கு வேண்டியதைப் போடுகிறார்கள். சாட்பாட் அதைப் படித்து, விட்டுப்போனதைக் கேட்டு வாங்கி, அந்த மெசேஜின் மேலேயே ஒரு டிக் போடும். பிறகு கிளவுடுக்கு அனுப்பும். அங்கிருந்து பேக்கிங் மேசையில் இருக்கும் சின்ன பிரிண்டருக்கு வந்து, சீட்டாக விழும். கிளவுட் என்றால் என்ன என்று ஒருமுறை வண்டி ஓட்டும் அண்ணன் கேட்டார். "வாடகை வீடுண்ணே. ஆணி அடிக்கறதுன்னாலும் ஓனரக் கேக்கணும்" என்றாள்.

வயரக்கா என்று பெயர் வைத்ததும் அந்த அண்ணன்தான். வந்த முதல் நாள் அவள் பிரிண்டருக்குப் பின்னால் மண்டியிட்டு ஒரு வயரைப் பிடுங்கிச் செருகியதை அவர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் வயரைத் தொட்டதாக நினைவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சாட்பாட்டுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவர் பேக்கிங் மேசையில் இருக்கும் பெரியக்கா. எங்களில் மூத்தவர், வாய் கொஞ்சம் நீளம். "கேட்டதுக்கு மட்டும் பதில். தானா ஒரு துரும்பக் கிள்ளாது. கவனிப்பு கொறஞ்சா முறுக்கிக்கும். வேற என்ன பேரு வைக்கிறது?" என்றார். அன்றிலிருந்து பதில் வராவிட்டால், "வயரு, மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டாரு" என்று கண்ணாடியைத் தட்டுவோம்.

அவளுடைய அறை எங்கள் மடிப்பு மேசைக்கு நேர் எதிரே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலைகளைக் கான்ட்ராக்டில் பார்ப்பவள். வாரத்தில் சில நாள் எங்களிடம், மற்ற நாட்கள் வேறு கம்பெனிகளில். ஏதாவது கெட்டுப்போனால் அவள் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் மேசையில் உள்ள சாமான்களை வரிசையாக வைப்பாள். கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, ஸ்டேப்ளர். கண்ணாடிக் கூடுதான் மெசேஜ் குரூப். பாட்டில் சாட்பாட். டப்பா கிளவுட். ஸ்டேப்ளர் பிரிண்டர். ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, "இங்க வந்துச்சு. இங்க வந்துச்சு. இங்க வந்துச்சா?" என்று முணுமுணுப்பாள். எந்த இடத்தில் விரல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. பெரும்பாலும் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் நடுவில்தான் நிற்கும்.

ஒருமுறை மாப்பிள்ளை தான் போட்ட கேள்வியையே யாரோ கேட்டதாக நினைத்துத் தானே பதில் சொல்ல, அந்தப் பதிலுக்கு இன்னொரு பதில் சொல்ல, பிரிண்டர் ஒரு சுருள் காகிதத்தையும் தீர்த்துவிட்டுக் காலியாக உறுமிக்கொண்டிருந்தது. வயரக்கா வந்து பார்த்தாள். "நாம போட்டதுக்கு நாமளே பதில் சொல்லக் கூடாதுன்னு இதுக்குச் சொல்லிக்குடுக்கல. எங்க வீட்லயும் ஒருத்தருக்குச் சொல்லிக்குடுக்கல" என்றாள். கணவரைத்தான் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது.

யாராவது போனில் கோளாறைப் படம் பிடித்து அனுப்பினால் பார்க்க மாட்டாள். "போட்டோ வேணாம். என் முன்னாடி ஒரு தடவ பண்ணிக் காட்டுங்க." ஆஸ்பத்திரிக்கே போய் நர்ஸ் பக்கத்தில் நின்றுவிடுவாள். பாதி நேரம் அவள் முன்னால் எல்லாம் சரியாக நடக்கும். நர்ஸ் முகம் வாடிவிடும். "விடுங்க. மாமியார் வந்ததும் மருமக அடக்கமா நிக்கற மாதிரிதான். நான் போனதும் ஆட்டம் போடும்" என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருப்பாள்.

எல்லாரிடமும் அவள் கேட்பது இரண்டே கேள்வி. கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு? அதுக்கப்புறம் யாரு கை வெச்சா? வீட்டிலிருந்து மாமியார் கூப்பிட்டாலும் அதேதான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்ப்பதால் கண்ணாடி தாண்டி எங்களுக்கும் கேட்கும்.

"டிவி வரலம்மா."

"கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு அத்தை?"

"நேத்து சாயங்காலம்."

"அதுக்கப்புறம் யாரு கை வெச்சா?"

"உன் புருஷந்தான். நல்லாப் பண்றேன்னு பண்ணான்."

"அப்ப அவர் வந்து எடுக்கட்டும். யாரு வெச்சாங்களோ அவங்கதான் எடுக்கணும்."

சாப்பாட்டு நேரத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சீட்டு பிரிண்டர் வந்த புதிதில் நாங்கள் டப்பாவைத் திறந்ததும் அது கடகடவென்று துப்பும். சூப்பர்வைசரம்மா எட்டிப் பார்ப்பார், யாராவது கையைக் கழுவிக்கொண்டு ஓடுவோம். பெரியக்காதான் மேனேஜரிடம் போய், "சாப்பிடுற நேரத்துக்காவது மாப்பிள்ளை வாயக் கட்டுங்க சார்" என்று கேட்டார். மேனேஜர் வார்டுகளோடு பேசினார். அந்த நேரத்தில் யாரும் மெசேஜ் போடுவதில்லை என்று முடிவானது. வார்டுக்காரர்களும் சொன்ன சொல் தவறவில்லை. மற்ற நேரமெல்லாம் ஏதாவது ஒரு வார்டு எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரம் மட்டும் பேக்கிங் மேசை அமைதியாக இருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் புகார் வந்தது. பிரசவ வார்டுக்கு விரிப்பு இரண்டு மடங்கு போயிருக்கிறது, அதிலேயே இருப்பு தீர்ந்து எலும்பு வார்டுக்குப் போகவே இல்லை. "பேஷண்ட்ட வெறும் ரெக்சின்ல படுக்க வெச்சிருக்கோம், முதுகு ஒட்டிக்குது" என்று நர்ஸ் போனில் சத்தம் போட்டார். அடுத்தடுத்த நாட்களிலும் ஏதாவது ஒரு வார்டுக்கு இரட்டிப்பு, இன்னொன்றுக்கு இல்லை. சூப்பர்வைசரம்மா குரூப்பைத் திறந்து பார்த்தார். வார்டு ஒரே தடவைதான் கேட்டிருந்தது. மெசேஜ் மேல் ஒரே டிக்.

"ஒரு சீட்ட வெச்சுக்கிட்டு ரெண்டு தடவ கட்டியிருக்கீங்க."

"சீட்டு ரெண்டு வந்துச்சு, ரெண்டு கட்டினேன்" என்றார் பெரியக்கா.

"ஒரே மாதிரி ரெண்டு சீட்டு வந்தா யோசிக்க வேணாமா?"

"ஒரு வார்டு ரெண்டாவது தடவ கேக்கறதே இல்லியா? யாருக்கு எப்ப வலி எடுக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

காட்டுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. சீட்டு துணிக்கட்டோடு போய்விடும். ஆஸ்பத்திரியில் பிரித்ததும் குப்பையில் போட்டுவிடுவார்கள். மேனேஜர் வயரக்காவைக் கேட்டார். அவள் அப்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள், வேறு கம்பெனியில் யாரோ காத்திருந்தார்கள். நின்றபடியே "சாப்டியா" போட்டாள். உடனே ஒரே ஒரு பதில் வந்தது. "மாப்பிள்ளை நல்லா இருக்கார் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரையும் தன் முன்னால் செய்துகாட்டச் சொல்லவில்லை.

பெரியக்காவை அழுக்குப் பக்கம் மாற்றினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரித்து, ரத்தக் கறை தனி, மற்றது தனி என்று எறிகிற இடம். முகமூடிக்குள் வேர்வை வழியும். நனைந்த மூட்டையை ஒரே ஆளாகத் தூக்க வேண்டும். பெரியக்காவுக்கு வலது தோள் ஏற்கெனவே சரியில்லை. இந்த வாரம் பார்ப்போம், பேக்கிங் ஒழுங்காகிவிட்டால் அவர் அங்கேயே இருக்கட்டும் என்றார் மேனேஜர். பேக்கிங் மேசையில் சூப்பர்வைசரம்மாவே நின்றார். இரட்டிப்பு நின்றுவிட்டது. "பாத்தீங்களா?" என்று பொதுவாக ஒரு கேள்வி கேட்டார். பெரியக்கா சாப்பிட வரும்போது டப்பாவை இடது கையால் திறந்தார்.

அதற்கடுத்து வயரக்கா வந்த நாளில், சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டுப் பேக்கிங் மேசைப் பக்கமாக நடந்துபோனாள். பிரிண்டர் கடகடத்தது. சூப்பர்வைசரம்மா ஒரு சீட்டை எடுத்துத் துணிக்கட்டில் செருகினார், இன்னொன்றைக் கசக்கிக் கூடையில் எறிந்தார். வயரக்கா நின்றாள்.

"என்ன எறிஞ்சீங்க?"

"இது ரெண்டு தடவ துப்புதும்மா. சாப்பிட்டு வந்ததும் மொதச் சீட்டு மட்டும் இப்படி. நீ அந்த வயரக் கொஞ்சம் பாரு."

வயரக்கா கூடைக்குள் கையை விட்டு, அந்தக் காகிதத்தை எடுத்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்து விரித்தாள். சூப்பர்வைசரம்மாவைப் பார்த்தாள். சூப்பர்வைசரம்மா அந்தக் காகிதத்தைப் பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்கே விளங்கியிருக்க வேண்டும்.

கண்ணாடிக்குப் பின்னால் சாமான்கள் வரிசையாக வந்தன. இந்த முறை அவள் விரல் நேராகச் சாப்பாட்டு டப்பாவில் போய் நின்றது. வாய் அசையவில்லை. கடைசியாக எப்போது நன்றாக இருந்தது, அதற்குப் பிறகு யார் கை வைத்தது என்று தன்னையே கேட்டிருப்பாள். கை வைத்தவள் அவள்தான். கிளவுட் வாடகை அதிகமாக இருக்கிறது, குறைக்க முடியுமா என்று மேனேஜர் கேட்டதால், போன மாதம் எல்லாவற்றையும் மலிவான இடத்துக்கு மாற்றியிருந்தாள். குரூப்பில் மேனேஜர் அதற்காகப் பாராட்டுகூடப் போட்டார்.

பிறகு அவள் எங்களுக்குச் சொன்னது இது. மலிவான இடத்தில் கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாவிட்டால் மாப்பிள்ளை தூங்கிவிடுவார். நாங்கள் நிம்மதியாகச் சாப்பிடுகிற நேரத்தில்தான் அவருக்கும் தூக்கம். சாப்பாடு முடிந்து முதல் வார்டு கேட்கும்போது அவர் எழுந்து கண்ணைக் கசக்குவதற்குள், மெசேஜ் குரூப் "காதுல விழல போல" என்று இன்னொரு தடவை அதையே சொல்லும். எழுந்தவர் இரண்டையும் கேட்டு இரண்டு சீட்டு அடிப்பார். டிக் மேல் டிக் போட்டாலும் பார்ப்பவருக்கு ஒரு டிக்தான். "நான் எப்ப கேட்டாலும் முழிச்சிருந்தாரு. தூங்கற நேரத்துல நான் கேக்கவே இல்ல. நானும் அப்ப சாப்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

சரிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு எண் உண்டாம். அதே எண் மறுபடி வந்தால் விட்டுவிடு என்று சொல்லிக்கொடுத்தாள். அதை முடித்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது.

"டெக்னிக்கல் பிரச்சினை, சரியாயிடுச்சுன்னு போட்டுடுங்க" என்றார் மேனேஜர். "எப்பவும் வர்றதுதானே."

"எனக்கு எப்பவும் வர்றது சார். அவங்களுக்கு அப்படி இல்ல. நல்லா இருக்குன்னு நான் சொன்னதாலதான் அவங்க அங்க மூட்ட தூக்கறாங்க."

"உங்க கான்ட்ராக்ட்ட நீட்டிக்கறதப் பத்தி இப்பதான் மேல பேசிக்கிட்டிருக்கேன். இந்த நேரத்துல நீங்களே உங்க பேரப் போட்டுக்கணுமா?"

"வேற யாரு பேரப் போடறது சார்?"

அவள் அங்கே நின்றபடியே தட்டினாள். எங்கள் போன்கள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன. "மதியம் சீட்டு இரண்டாக வந்தது நான் செய்த மாற்றத்தால். பார்க்காமலே சரியாக இருக்கிறது என்று சொன்னதும் நான்தான். பேக்கிங்கில் தவறு இல்லை." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். ஆஸ்பத்திரி வார்டுகள் உள்ள குரூப்பில்தான் போட்டிருந்தாள்.

மறுநாள் அவள் எங்களிடம் வரும் நாள் இல்லை. வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து பெரியக்கா தன் பழைய மேசைக்குத் திரும்பினார். சூப்பர்வைசரம்மா மேசையைத் துடைத்து வைத்துவிட்டுத் தள்ளிப்போய்விட்டார். வயரக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை தூங்கினாராம், மூட்ட தூக்கினது நானாம்" என்றார் பெரியக்கா, அவளைப் பார்க்காமல்.

"தப்பு என்னோடதுதான்க்கா."

"படிச்சேன். ஊருக்கே போட்டுட்டியே." விரிப்புகளை ஓரம் சேர்த்துத் தட்டினார். "படிச்சதும் தோள்வலி நின்னுடுச்சா என்ன? இன்னும் வலிக்குது."

பிரிண்டர் கடகடத்தது. எலும்பு வார்டு. சீட்டு வெளியே வந்து தொங்கியது. பெரியக்கா அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு விரிப்புகளை எண்ண ஆரம்பித்தார். நாங்கள் மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். வயரக்கா தன் உள்ளங்கையைப் பிரிண்டரின் வாய்க்குக் கீழே ஏந்தினாள். இரண்டாவது சீட்டு விழவில்லை. பெரியக்கா எண்ணி, கட்டி, தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். அந்தக் கை அப்படியே இருந்தது.