கல்லுக்குப் பயந்த தெரேஸ் அக்கா

கடல் பொங்கிக்கொண்டிருந்ததால் சமையலறைச் சாமான்களை முன்னறைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். புதுச்சேரி உப்பளத்திலிருந்து தெரேஸ் அக்காவின் தம்பி லூர்து போன் செய்தார். "அக்கா காலைல தவறிட்டாங்கம்மா." கையிலிருந்த அண்டாவை அப்படியே கீழே வைத்தேன். அழுகைக்கு முன்னால் வந்தது பயம்தான். இனி எங்களுக்காக யார் பயப்படுவார்கள்?

கல்லூரியில் அவர் பொருளாதாரம் நடத்தினார், நான் தமிழ். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எதற்கெடுத்தாலும் "மொன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு நெஞ்சில் கைவைக்கும் அவரை நாங்கள் எல்லோருமே கேலி செய்திருக்கிறோம். பல்லி விழுந்தாலும் அதே, பட்ஜெட் வந்தாலும் அதே. "சிரிங்கடி, சிரிங்க. பயப்படுறவதான் என்ன ஏதுன்னு கேப்பா" என்பார்.

எங்கள் மீனவக் குப்பம் புதுச்சேரி நகரத்தைத் தாண்டி, பிள்ளைச்சாவடிக்கும் வடக்கே இருக்கிறது. பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் பங்கு பிரித்த கோடு ஊர் நடுவே போகிறது. அண்ணன் வீடு புதுச்சேரி. அடுத்த சந்தில் என் வீடு தமிழ்நாடு.

முன்பு ஒரு தேர்தல் சமயம், கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். கரை அரித்துக்கொண்டிருந்தது. கல் கொட்டித் தடுப்புச் சுவர் போடுகிறவருக்கே ஊர் ஓட்டு மொத்தமும் என்று முடிவாகும் நேரம். என்னோடு வந்திருந்த அக்கா எழுந்து நின்றார். முந்தானையைப் பிடித்த கை நடுங்கியது.

"கல்லு கேக்காதீங்கய்யா. தெக்க துறைமுகத்துல தேங்கிக் கெடக்குற மணல இந்தப் பக்கம் கொண்டாந்து கொட்டச் சொல்லுங்க. கல்லப் போட்டா, அது முடியற எடத்துல கடல் புகுந்துடும்."

ஊர்ப் பெரியவர்களில் ஒருவரான என் அண்ணன் சிரித்தார். "மணல அல அள்ளிட்டுப் போயிடும் டீச்சர். அப்புறம் ஓட்டு கேட்டு வர்றவன் எதக் காட்டுவான்?"

"அதான் தம்பி என் பயமே. கண்ணுக்குத் தெரியறதத்தான் அவங்க தருவாங்க. நீங்களும் அதத்தான் கேப்பீங்க."

கல்தான் வந்தது. முதல் லாரிக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, வேட்டு வெடித்தார்கள். சுவர் அந்தக் கோடு வரைக்கும் வந்து நின்றது. அதற்குமேல் புதுச்சேரிப் பணம் வராது. கடலுக்கு என்ன கோடு? சுவர் முடிந்த இடத்தில் வளைந்து என் கொல்லைக்குள் வந்தது. தென்னை போயிற்று, கிணறு போயிற்று.

கடைசியாக வந்தபோது அக்கா அந்தச் சுவர் முனையில் நின்று, கடலைப் பார்க்காமல் வடக்கே அடுத்த குப்பத்தைப் பார்த்தார். கரையில் பெண்கள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்கள். "பிரெஞ்சுக்காரன் போயி எவ்ளோ காலம் ஆச்சு! அவன் போட்ட கோட்ட மட்டும் நாம பத்திரமா வச்சிருக்கோம் பாரு" என்றார். ஆறுதலுக்குக்கூட 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லத் தெரியாத மனுஷி.

இப்போது மறுபடியும் தேர்தல். நேற்று அடக்கம் முடிந்து நான் வீடு திரும்பியதும் அண்ணன் வந்தார். "உன் தமிழ்நாட்டுப் பக்கத்துல ஓட்டு கேக்குறவங்களும் கல்லு கொட்டறேன்னு சொல்லிட்டாங்க. உன் வீடு தப்பிச்சுது போ! ஞாயித்துக்கெழம கூட்டம். உன் டீச்சர் மாதிரி எதனா பேசிக் கெடுத்துடாத."

கல் வந்தால் என் வீடு நிற்கும். கருவாடு காயும் அந்தக் கரை போய்விடும். வராவிட்டால் என் சமையலறை இந்த மழைக்காலத்தைத் தாண்டாது. ராத்திரியில் அலைச் சத்தம் கேட்டால் தூக்கமே வருவதில்லை.

அக்காவின் சேலையோ புத்தகமோ என்னிடம் எதுவும் இல்லை. அவருடைய பயம் மட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று மணல் கேட்கப் போகிறேன். கை நடுங்கும். முந்தானையைப் பிடித்துக்கொள்கிறேன், அக்கா.