நெஞ்சளவுத் தண்ணீர்

புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயில் எது விழுந்தாலும் பூதலூர்ப் பக்கத்தில் முதலில் தேடுவது எங்கள் தெரு சவரிராஜைத்தான். மோட்டார், மாடு, மனிதர், எதுவானாலும் முங்கி எடுத்துவிடுவார். மதகில் அடைத்துக்கொள்ளும் ஆகாயத்தாமரையை இறங்கி அள்ளுவதும் அவரே. "சவரிராஜு மீனுக்குப் பொறந்தவன்" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

போன ஆடியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு இரண்டு தோள்பட்டையும் தாங்க முடியாமல் வலித்தன. வலி ஒருவழியாகப் போனது. ஆனால் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே தூங்கினார், யாரிடமும் மூச்சு விடவில்லை. பெயரெடுத்த ஆளுக்கு இந்த வீம்பும் கூடவே வந்துவிடுகிறது.

ஆவணியில் ஆறு கரை தொட ஓடிய நாளில், பக்கத்து வீட்டு கிளமென்ட் படித்துறையில் வழுக்கி விழுந்தான். அவன் மனைவி எல்சி கத்தியதில் தெருவே கூடியது. நன்றாக நீந்தத் தெரிந்த பகலவன் சட்டையைக் கழற்றினான்.

"நீ நில்லுடா, நான் பாத்துக்குறேன்" என்று சவரிராஜ் இறங்கினார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் அவருக்கு மூச்சே வரவில்லை. வாயைப் பிளந்தபடி கரைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகுதான் பகலவன் குதித்தான். உடல்தான் கிடைத்தது.

"மீனுக்குத் தண்ணியக் கண்டா பயமாம்" என்றது அதே டீக்கடை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சவரிராஜே அதை நம்பிவிட்டார்.

கடைசியில் அவர் மகள் சான்ட்ரா அவரைத் தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மெஹராஜ் பேகம் அவரைப் படுக்கவைத்து வயிற்றைக் கவனித்தார்.

"மூச்ச இழுத்தா வயிறு மேல எழும்பணும். உங்களுக்கு உள்ள போகுதுங்க."

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த சட்டி போல ஒரு தசை இருக்கிறது, உதரவிதானம். அது கீழே இறங்கினால்தான் நுரையீரலுக்குள் காற்று வரும். அதை இயக்கும் நரம்புகள் கழுத்திலிருந்து வருகின்றன. காய்ச்சலுக்குப் பின் வந்த அந்த வலியில் அவை பழுதாகிவிட்டன. தரையில் நிற்கும்போது மற்ற தசைகள் சமாளித்துக்கொள்ளும். தண்ணீர் வயிற்றை அமுக்கினாலோ உள்ளே இருப்பதெல்லாம் மேலேறி நுரையீரலை நெருக்கிவிடும்.

"இது பயம் இல்லைங்க" என்றார் டாக்டர். சவரிராஜ் அங்கேயே அழுதாராம்.

ஊர் திரும்பியதும் என்னையும் கூட்டிக்கொண்டு நேராக எல்சி வீட்டுக்குப் போனார். ஒன்று விடாமல் சொன்னார். எல்சி பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப ஆடியிலேயே ஒங்களுக்கு மூச்சு முட்டிச்சாண்ணே?"

"ஆமாம்மா."

"அப்பறம் ஏன்ணே பகலவன நிக்கச் சொன்னீங்க?"

சவரிராஜ் எழுந்து வந்துவிட்டார். தெருமுனை வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோழைங்கிற பேரே தேவலைப்பா. டாக்டர் சொன்னத நீ யார்ட்டயும் சொல்லாத."